மோட்டார் ரூம் போன்

மோடம் பழுது பார்க்கும் ஜெரோம் கோயமுத்தூரிலிருந்து பஸ் பிடித்து அன்னூர்த் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மத்தியானமே வானம் இருட்டிக்கிடந்தது. தொண்ணூற்றொன்பதில் அந்தப் பக்கம் இன்டர்நெட் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்த இடத்திலும் ஆமை வேகம்தான்.

ரங்கநாயகி வாசலிலேயே நின்றிருந்தாள். அமெரிக்காவில் அவள் மகளுக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. மாப்பிள்ளை ஈமெயிலில் படம் அனுப்பியிருந்தார். காலையிலிருந்து நெற்றி வரைதான் திரையில் இறங்கியிருந்தது.

"மூஞ்சியப் பாத்துட்டாப் போதுங்க தம்பி. உசுரே எங்கிட்ட இல்லீங்க."

ஜெரோம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான்.

லைனில் யாரோ மூச்சு விட்டார்கள். கூடவே தண்ணீர் சொட்டும் சத்தம்.

அதே லைனில் இன்னொரு போனை யாராவது எடுத்து வைத்திருந்தால் மோடம் நொண்டத்தான் செய்யும். இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு பெரியவருடையது போலிருந்ததால் மரியாதையாகவே சொன்னான்.

"ஏனுங்க, போனை வெச்சுப்போட்டு இங்க வாங்க. பேரனை எல்லாருஞ் சேந்து பாக்கலாமுங்க."

டொக்கென்றது. லைன் சுத்தமானது. ஜெரோமும் ரிசீவரை வைத்தான். மோடம் கனெக்ட் ஆகி, படம் மளமளவென்று இறங்க ஆரம்பித்தது.

"இன்னொரு போன் எங்கீங்கம்மா இருக்குது?"

ரங்கநாயகியின் முகம் வெளிறியது.

"கெணத்தடி மோட்டார் ரூம்ல இருந்துச்சுங்க. எங்கூட்டுக்காரரு கெணத்துல உழுந்து போனாருல்லீங்க, அன்னைக்கே அந்த வயரை அறுத்துப்போட்டமுங்க." அவள் குரல் இறங்கியது. "நீங்க ஆரைக் கூப்புட்டீங்க?"

பாசி வாசம் அறைக்குள் வந்தது.

பக்கத்து நாற்காலி மெல்ல நகர்ந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

படம் முழுதாக வந்துவிட்டது. மூக்கில் குழாயோடு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நேரம் தவித்தவள் அதைப் பார்க்கவேயில்லை. நாற்காலியையே பார்த்தாள்.

"பாத்தாச்சுல்லீங்க. பொறப்படுங்க," என்றாள் மெதுவாக.

ஜெரோம் சட்டென்று போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டான்.

மோடம் தானாக டயல் செய்தது.

திரையில் நீளமாக ஒரு நம்பர் ஓடியது.

"ஐயோ, பேரன் இருக்கற ஆஸ்பத்திரி நம்பருங்க!" ரங்கநாயகி அந்த வயரை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அது பச்சமண்ணுங்க. அதுகிட்டப் போகாதீங்க. என்னைய வேணாக் கூட்டிட்டுப் போங்க."

நாற்காலியில் ஈரம் காய்ந்திருந்தது.

அந்தப் பக்கம் யாரோ போனை எடுத்தார்கள்.