இன்னும் எடம் இருக்குது

பின்னால் போகும்போது வண்டி எழுப்பும் பீப் சத்தம் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

தினமும் வண்டியின் பின்பகுதி ஷெட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தம் தகரக் கூரையில் பட்டு, பின்சுவரில் பட்டு, ஒன்று இரண்டாகிக் காதுக்கு வந்து சேரும். இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைக் கண்ணாடியில் பார்ப்பதற்கு முன்பே முபீனா அந்த எதிரொலியில் தெரிந்துகொள்வாள். இன்றைக்குச் சத்தம் உள்ளே போனது. போனதோடு சரி.

பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். மழைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். ஐப்பசி மழை இரண்டு நாளாக விடவில்லை. சிப்காட் தொழிற்பேட்டை உருக்காலைகளின் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படிந்து, எரிந்த இரும்பும் ஈர மண்ணும் கலந்த வாசனை வண்டிக்குள் வரை வந்திருந்தது. மாலைத் தொழுகை நேரம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் கரண்ட் போய்த் தெரு முழுக்க இருட்டு. ஆரணியாற்றில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், வண்டிகளை மேட்டில் நிறுத்துங்கள் என்று மதியமே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். போன வருஷம் இதே தெருவில் முழங்கால் தண்ணீர். இந்த எலெக்ட்ரிக் லாரிக்கோ அடிவயிற்றில்தான் பேட்டரி. இந்தத் தெருவில் மேடு என்று சொன்னால் அவர்கள் ஷெட்டின் தளம் ஒன்றுதான்.

வீட்டின் பக்கவாட்டில் மிச்சமிருந்த இடத்தில், வண்டிக்கு அளவெடுத்துக் கட்டிய ஷெட் அது. இடது பக்கம் ஒரு சாண். வலது பக்கம் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளி. வண்டி நின்ற பிறகு டிரைவர் கதவு வந்து சேரும் இடத்தில் மட்டும் சுவரை உள்வாங்கிக் கட்டி, அங்கேயே சார்ஜர் பெட்டியையும் மாட்டியிருந்தார்கள். அந்த இடத்தைத் தவிர வேறு எங்கே நின்றாலும் கதவு திறக்காது.

முன்பெல்லாம் லாரி ஓட்டியவன் அவள் புருஷன் மொஹசின்தான். ஒரு கண் மங்கி லைசென்ஸ் போன பிறகு, கிளட்ச் இல்லாத இந்த வண்டியை அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ரிவர்ஸ் எடுப்பது மட்டும் இருவரும் சேர்ந்து செய்யும் வேலை. அவன் ஷெட்டின் கடைசியில், சுவரில் முதுகு படும்படி நின்றுகொள்வான். லாரியின் சரக்குப் பெட்டியில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஒரே தட்டு என்றால் நில். காலிப் பெட்டியின் தகரத்தில் அவன் உள்ளங்கை விழும் சத்தம் அவன் பேச்சைவிட அவளுக்கு நன்றாகப் பழகியது. இன்ஜின் உறுமல் இல்லாத வண்டி. ஒரு நொடி அசந்தால் அவன் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில். அந்தப் பயத்தில் ஒற்றைத் தட்டு கேட்டதும் அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

எதிர்வீட்டுத் துளசிராமன் குடையோடு தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி தன் காம்பவுண்டில் இடித்துவிடுமோ என்று தினமும் வந்து நிற்பவர்.

"தனியாவா எடுக்கிற? மொஹசின் வரட்டுமேம்மா."

"அவரு உள்ளதான் இருக்காருண்ணா."

"உள்ளயா? மண்ணு மூட்டை எடுத்தாறேன்னு பஜார் பக்கம் போய்க்கினு இருந்தாரே, நான்தான் பார்த்தேன்."

தட். தட்.

"வந்துட்டாரு போலக்குது," என்றாள் முபீனா. "தோ, தட்டுறாரு பாருங்க."

துளசிராமன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றார்.

அவர் குடையின் மேல் மழை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்காததில் அதிசயமில்லை. முபீனா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

வண்டி ஊர்ந்து உள்ளே போனது. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்திருந்தது. முன்கண்ணாடி ஷெட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்த அந்தக் கணத்தில் பாங்கு நின்றது. மழைச் சத்தமும் நின்றது. தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் மழை இரண்டு மடங்கு கேட்க வேண்டும். கேட்டதெல்லாம் மோட்டாரின் மெல்லிய ரீங்காரமும், பீப், பீப் என்று பின்னால் போய்த் தொலைந்துகொண்டிருந்த அந்தச் சத்தமும்தான்.

டேஷ்போர்டில் இருந்த கேமரா திரையைப் பார்த்தாள். வழக்கமாகப் பின்சுவரும், அதில் கட்டித் தொங்கவிட்ட பழைய டயரும், அதன் பக்கத்தில் மொஹசினின் லுங்கியும் தெரியும். இன்றைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் மட்டும் வெறும் கறுப்பின் மேல் கிடந்தன. சேறு அடித்திருக்கும். வழியெல்லாம் சேறுதானே.

தட். தட்.

வலது கண்ணாடிக்கு வெளியே பூசாத சிமென்ட் கல் வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்தது. ஒயர் குழாய் நகர்ந்தது. உள்வாங்கிய சுவர் வந்தது, சார்ஜர் பெட்டி வந்தது. இங்கேதான் அவன் ஒற்றைத் தட்டு தட்டுவான்.

தட். தட்.

சார்ஜர் பெட்டி அவள் கண் முன்னால் மெதுவாக முன்பக்கம் போய், வண்டியின் மூக்கைத் தாண்டி மறைந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கால் பிரேக்கை மிதித்தது.

இந்தக் கதவுக்கு நேரே இந்தச் சுவர் இதுவரை வந்ததே இல்லை. இப்போது வண்டியின் பின்பகுதி சுவரை இடித்துக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். இடித்த அதிர்ச்சி எதுவும் இல்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள். உள்ளே வந்த காற்று சில்லென்று இருந்தது. ஷெட்டுக்கு உரிய சிமென்ட் வாசனையும் ரப்பர் வாசனையும் அதில் இல்லை. வற்றின ஏரியின் அடியில் கிடக்கும் கறுப்புச் சேற்றின் வாடை. அவள் பிறந்த பழவேற்காட்டில் தண்ணீர் இறங்கும் நேரத்தில் அந்த வாடை வரும். இங்கே எப்படி வரும்?

"இன்னாங்க," என்று கூப்பிட்டாள். "செவுரு வரலியா?"

"வரலாம், வா." அவன் குரல்தான். பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, கொஞ்சம் கம்மலாக. "இன்னும் எடம் இருக்குது."

"எங்கங்க எடம்? சார்ஜர் பொட்டியத் தாண்டி வந்துட்டேன்."

"வா."

மழையில் பின்சுவர் சரிந்துவிட்டதோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொள்ளத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் சுவர் இல்லையென்றால் பின்னாலிருக்கும் காலி மனையின் கருவேலஞ்செடி தெரியும், அதற்கப்பால் ரயில் பாதையின் சிக்னல் தெரியும். திரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை.

"நீங்க முன்னாடி வாங்க," என்றாள். "நான் எறங்கணும்."

கதவைத் தள்ளிப் பார்த்தாள். நாலு விரல் திறந்து சுவரில் இடித்தது. இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

தட். தட்.

இந்தத் தடவை அந்தச் சத்தம் பெட்டியின் பின்னாலிருந்து வரவில்லை. பெட்டியின் இடது பக்கத்தில், பாதி தூரத்தில். அங்கே சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண்.

அவள் முன்னால் பார்த்தாள். ஷெட்டின் வாசல் ஏறக்குறைய கண்ணெதிரே இருக்க வேண்டும். இருந்தது, தூரத்தில். ஒரு ஜன்னல் அளவுக்கு. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் மழை சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. பிரேக்கை விடவில்லை, வண்டி அசையவில்லை. பிறகு எப்போது இவ்வளவு தூரம் வந்தோம்?

வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். தோளில் ஒரு மூட்டை. அதை இறக்கி வைத்துவிட்டு டார்ச்சை அடித்தான். ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் பார்க்கும் அந்தப் பழக்கம். மொஹசின்.

தட். தட்.

"யா அல்லா," என்றாள் முபீனா. கியர் திருகியைத் திருப்பி வண்டியை முன்னால் போகும் நிலைக்குப் போட்டாள். சார்ஜ் மூன்று சதவீதம் என்று சிவப்பில் மின்னியது. ஹெட்லைட்டைப் போட்டு மிதித்தாள். வண்டி கிளம்பியது. கல் வரிசைகள் பின்னால் ஓடின. வாசல் மட்டும் கிட்டே வரவில்லை.

மொஹசின் கிட்டே வந்தான்.

நேர் எதிரே, ஹெட்லைட் வெளிச்சத்தில், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டு காலையும் வைத்துப் பிரேக்கை அழுத்தினாள். பம்பருக்கு ஒரு முழம் முன்னால் அவன் நின்றான். மூச்சு வாங்கினான்.

"முபீ," என்றான். "எங்கக்கிற?"

ஹாரனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். அது ஒலித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் திடுக்கிடவில்லை. வலது பக்கம் ஒருக்களித்து, வயிற்றை எக்கி, சுவரைத் தேய்த்துக்கொண்டு அவள் கதவுக்கு வந்தான். கண்ணாடியில் டார்ச்சை வைத்தான். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது, கண் கூசியது. ஒரு சாண் தூரத்தில் அவன் முகம். தாடியில் மழைத்துளி. அவன் நல்ல கண் அவள் மேல் பட்டு, சீட்டின் மேல் போய், அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போய், திரும்பி வந்தது.

"வண்டில இல்லியே," என்றான், தனக்குத்தானே.

கண்ணாடியில் குத்தினாள். சுவிட்சை அழுத்தினாள். சார்ஜ் குறைந்ததில் கண்ணாடியின் மோட்டார் அடங்கிவிட்டது, இறங்கவில்லை. இரண்டு விரல் இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். "இங்கதாங்க இருக்கேன். என்னப் பாருங்க. போவாதீங்க." இடுக்கு வழியே விரல்களை நீட்டினாள். அவன் சட்டையின் ஈரம் நுனியில் பட்டது. கொசு கடித்ததுபோல் அவன் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"இங்கக்கிறேங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முபீனாவின் குரல்.

மொஹசினின் முகம் தெளிந்தது. "அட, பயந்தே போய்ட்டேன்," என்றான் சிரித்துக்கொண்டு. "அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"வரலாம், வாங்க. இன்னும் எடம் இருக்குது."

அவன் நகர்ந்தான். முதலில் அவன் முகம் கண்ணாடியைவிட்டுப் போனது. பிறகு தோள். பிறகு கை.

முன்னால் எடுக்கலாம். எடுத்தால் அவனை விட்டுவிட்டுப் போக வேண்டும். பின்னால் எடுக்க முடியாது. அவன் இருக்கிறான். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேமரா திரையைப் பார்த்தாள். ஒரு சதவீதம். திரை இன்னும் எரிந்தது.

கோடுகளுக்கு நடுவில் மொஹசின் வந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். டார்ச் வெளிச்சம் எதன் மேலும் படவில்லை.

"எங்க?" என்றான்.

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. வலக்கை. பச்சைக் கண்ணாடி வளையல்கள். முபீனா குனிந்து தன் கையைப் பார்த்தாள். அதே வளையல்கள்.

மொஹசின் அந்தக் கையில் டார்ச்சைக் கொடுத்தான்.

அந்தக் கை அதைப் பின்னால் நீட்டியது. இன்னொரு கை வாங்கிக்கொண்டது. அதுவும் வலக்கை. அதிலும் பச்சை வளையல். அது நீட்ட, அதற்குப் பின்னால் இன்னொன்று வாங்கியது. பிறகு இன்னொன்று. வாங்கும்போது ஒவ்வொரு கையும் ஒரு கணம் வெளிச்சத்தில் தெரிந்து அணைந்தது. கை மாறி, கை மாறி, டார்ச் உள்ளே போனது. நெல்மணி அளவுக்குச் சின்னதாகியும் போய்க்கொண்டே இருந்தது. சுவர் எதுவும் வரவில்லை.

வெளியே போயிருந்தவன் வீடு திரும்புவதைப்போல, மொஹசின் அதன் பின்னால் நிதானமாக நடந்தான்.