ஏழாம் நம்பர் காருக்கு ஒரு கையெழுத்து

ட்ரிங்... ட்ரிங்...

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு நாற்பது. மலாக்கா போலீஸ் ஸ்டேஷனில் போன் விடாமல் அலறியது.

இன்ஸ்பெக்டர் நடராஜன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஐயா... நான் அலமேலு பேசுறேன். காஜா பெராங் கார் பட்டறையிலிருந்து. இங்க அப்பு செத்துக் கிடக்குறாரு ஐயா. காருக்கு அடியில."

"எந்த அப்பு?"

"மெக்கானிக் அப்பு. என் வீட்டுக்காரர் பாலனோட ரேஸ் காரைப் பார்த்துக்கிறவரு. சீக்கிரம் வாங்க ஐயா. இன்னொரு சாவையாவது தடுக்கணும்."

"யார் சாவும்மா?"

"என் வீட்டுக்காரர் சாவு. பத்து மணிக்கு ரேஸ்."

நடராஜனுக்கு நன்றாகத் தெரிந்தவர் அந்த அப்பு. தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்.

மறுநாள் விடிந்தால் மெர்டேக்கா தினம். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆனதைக் கொண்டாட ஊருக்குள் எங்கே பார்த்தாலும் கொடி... தோரணம்... கடற்கரைச் சாலையில் கார் ரேஸ்! பாதி ஊர் அங்கேதான் நின்றது.

பட்டறையில் ஆள் நடமாட்டமே இல்லை.

பழைய கார் ஒன்று தரையோடு தரையாக இறங்கிக் கிடந்தது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

அருகே ஜாக்கி சாய்ந்து கிடந்தது.

நடராஜன் குனிந்து பார்த்தார். காருக்கு முட்டுக் கொடுக்கும் இரண்டு மரக்கட்டைகளும் சுவரோரமாக இருந்தன. இருபது வருஷ அனுபவம் உள்ள மெக்கானிக், முட்டுக்கட்டை இல்லாமல் காருக்கு அடியில் படுப்பாரா?

மாட்டார். யாரோ உருவியிருக்கிறார்கள்!

அலமேலு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முப்பது வயதுக்காரி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"உட்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை ஓட்டிப் பழகுறப்போ கார் புரண்டுடுச்சு ஐயா. தலையில போட்டிருந்த ஹெல்மெட் ரெண்டா பிளந்து போச்சு. வெளியில காயமே இல்ல. ஆனா ராத்திரியெல்லாம் வாந்தி. 'இன்னைக்கு என்ன கிழமை'ன்னு நாலு தடவை என்னையே கேட்டாரு. நாலு தடவையும் பதில் சொன்னேன்."

"தலையில அடிபட்டவங்களை டாக்டர் பார்க்கணும்னு ரேஸ் கிளப்புல புது விதி இருக்கே?"

"இருக்கு. ஒரு நாள் கழிச்சு டாக்டர் சோதிச்சு, 'ஓட்டலாம்'னு சீட்டு குடுத்தாத்தான் காரையே தொட விடுவாங்க. சனிக்கிழமை முழுக்க அவர் படுக்கையை விட்டு எந்திரிக்கவே இல்ல ஐயா. டாக்டர் வீட்டு வாசலைக்கூட மிதிக்கல. ஆனா சாயங்காலம் கிளப்புல இருந்து சீட்டு வந்துடுச்சு."

"எப்படி வந்துச்சு?"

"அதுதான் எனக்கும் தெரியல. இன்னைக்கு விடிஞ்சதும் அப்பு வந்து அவரைப் பார்த்தாரு. 'பாலன் தா போலே, தா போலே'ன்னு மலாய்ல சொன்னாரு. ஓட்டவே கூடாதுன்னு. யாரையோ பார்த்துப் பேசி நிறுத்துறேன்னு போனாரு. அதுக்குள்ள இந்த மனுஷன் ரேஸுக்குக் கிளம்பிட்டாரு. நான் தடுத்தும் கேக்கல. அப்புவைத் தேடி இங்க ஓடி வந்தா..."

அவள் காருக்கு அடியில் கை காட்டினாள்.

நடராஜன் பட்டறை போனிலேயே டாக்டர் கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஈப்போவிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. ரேஸ் கிளப்புக்கும் அவர்தான் டாக்டர்.

பத்தே நிமிடம். வெள்ளைச் சட்டை, தோல் பையோடு டாக்டர் வந்து இறங்கினார்.

அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் காரைத் தூக்க, நடராஜன் உடலை வெளியே இழுத்தார். நெஞ்சு நசுங்கியிருந்தது. முகத்தில் கீறல்கூட இல்லை. நெற்றியில் இட்ட திருநீறு அப்படியே இருந்தது.

டாக்டர் முகத்தைப் பார்த்தார். திடுக்கிட்டுப் பின்வாங்கினார்!

"ஐயோ... இது ரேஸ் ஓட்டுற பாலன் ஆச்சே? நேத்துதானே இவரைச் சோதிச்சேன்."

அலமேலு விருட்டென்று நிமிர்ந்தாள்.

"பாலன் என் புருஷன். இது அப்பு."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்படின்னா நான் நல்லா ஏமாந்துட்டேன் இன்ஸ்பெக்டர். நேத்து மதியம் இந்த ஆள் 'நான்தான் பாலன்'னு சொல்லிக்கிட்டு வந்தான். கிளப் அட்டையும் காட்டினான். அட்டையில போட்டோ இல்லையே, நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"என்னென்ன சோதிச்சீங்க?"

"எல்லாந்தான். கோட்டு மேல நடக்கச் சொன்னேன். அஞ்சு வார்த்தை சொல்லி, கால் மணி கழிச்சுத் திருப்பிக் கேட்டேன். நூறுல இருந்து ஏழு ஏழா குறைச்சுக்கிட்டே வரச் சொன்னேன். நல்ல தமிழ்ல டக்கு டக்குன்னு சொன்னான். தெளிவான தலை. கையெழுத்துப் போட்டு சீட்டைக் கிளப்புக்கு அனுப்பிட்டேன்."

நடராஜன் குனிந்து அப்புவின் முகத்தைத் துணியால் மூடினார்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தைந்து.

"டாக்டர், பாலன் இந்த நிலையில ஓட்டினா என்ன ஆகும்?"

"இன்னொரு தடவை தலை அதிர்ந்தாப் போதும். மூளை வீங்கிடும். பொழைக்க மாட்டாரு."

அலமேலு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொடுத்த சீட்டை ரத்து பண்ண யாரால முடியும்?"

"கிளப் டாக்டரால மட்டுந்தான். என்னால."

"அப்போ ஏறுங்க ஜீப்புல. பிணம் காத்திருக்கும். உயிரோட இருக்கிறவர் காத்திருக்க மாட்டாரு."

காவலுக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டு நடராஜன் வண்டியைக் கிளப்பினார்.

ஜீப் பறந்தது!

வழியெல்லாம் சைக்கிள்... கூட்டம்... ஐஸ் விற்பவன்... நடராஜன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்னால் அலமேலு கண்ணை மூடியபடி மாரியம்மனை வேண்டிக்கொண்டே வந்தாள்.

ஒன்பது ஐம்பத்து நாலு.

கடற்கரைச் சாலையில் பன்னிரண்டு கார்கள் உறுமிக்கொண்டு நின்றன. வளைவுகளில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஏழாம் நம்பர் பச்சைக் காருக்குள் பாலன் உட்கார்ந்திருந்தான். தலையில் யாரிடமோ இரவல் வாங்கிய ஹெல்மெட். கண்கள் எங்கேயோ வெறித்திருந்தன.

கிளப் செயலாளர் தியாகு வழிமறித்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், இன்னும் ஆறு நிமிஷம்தான். யாரும் உள்ள போகக் கூடாது."

"ஏழாம் நம்பரை நிறுத்தணும். டாக்டர் ரத்து சீட்டு எழுதப் போறாரு. ஒரு தாள் கொண்டு வாங்க."

"நானே போய் எடுத்துட்டு வர்றேனே," என்றார் டாக்டர் அவசரமாக. "நீங்க பாலனைப் பாருங்க."

"வேணாம் டாக்டர். நோயாளி இங்க இருக்காரு. தியாகு கொண்டு வரட்டும்."

டாக்டரின் முகம் ஒரு கணம் கறுத்தது.

நடராஜன் குனிந்து காருக்குள் கை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

"பாலன், இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை. பழக வந்திருக்கேன். ஏன் சார் எஞ்சினை அணைச்சீங்க?"

"நூறுல இருந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லுங்க பார்ப்போம்."

"நூறு... தொண்ணூத்தி மூணு... தொண்ணூத்தி மூணு..."

உதடு அதிலேயே நின்றுவிட்டது. பாலன் மனைவியைப் பார்த்தான்.

"அலமேலு, அப்பு எங்க?"

அவள் காரின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அலமேலு, அப்பு எங்க? டயரை அவர்தானே பார்க்கணும்?"

அலமேலு ஹெல்மெட்டோடு சேர்த்து அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கினாள்.

தியாகு மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள்.

"வெத்துத் தாள் ஒண்ணும் மிச்சமில்ல சார். இருக்கிறதெல்லாம் டாக்டர் கையெழுத்துப் போட்டதுதான். இதுலயே அடிச்சுட்டு எழுதலாமா?"

நடராஜன் அந்தக் கட்டை வாங்கிப் புரட்டினார்.

ஒன்பது சீட்டுகள். ஒன்பதிலும் 'பரிசோதித்தேன், ஓட்டலாம்' என்று அச்சடித்திருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி!

ஒன்றில் அச்சடித்ததை அடித்துவிட்டு டாக்டரிடம் நீட்டினார்.

"ஏழாம் நம்பர் ஓட்டக் கூடாதுன்னு எழுதுங்க."

டாக்டர் எழுதினார்.

பாலனை நாலு பேர் தாங்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏறியதும் வாந்தி எடுத்தான். அலமேலுவும் கூடவே ஏறிக்கொண்டாள். கதவு மூடுவதற்குள் பாலன் மறுபடியும் அப்புவைக் கேட்டான்.

கொடி இறங்கியது. பதினொரு கார்கள் பாய்ந்தன.

சத்தம் ஓய்ந்ததும் நடராஜன் திரும்பினார்.

"டாக்டர், நேத்து அப்பு நல்ல தமிழ்ல எண்ணினார்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாம்."

"ஈப்போவுல இருந்து வந்தவர் நீங்க. பேரு அப்பு, நெத்தியில திருநீறு. தமிழ் தெரியாமலா இருக்கும்னு நினைச்சுட்டீங்க. அப்பு காஜா பெராங் செட்டி கம்பத்துல, மலாக்கா செட்டிங்க கிராமத்துல, பொறந்தவர் டாக்டர். அவங்க மாரியம்மனைக் கும்பிடுவாங்க, பொங்கல் வைப்பாங்க. ஆனா வீட்டுல பேசுறது மலாய். தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேயே தமிழ் போயிடுச்சு. பத்து வருஷமா நான் அப்புவோட கோப்பி குடிச்சவன். அவருக்குத் தமிழ்ல பத்து வரைக்கும்கூட எண்ணத் தெரியாது."

டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். நடராஜன் குறுக்கே வந்து நின்றார்.

"நேத்து உங்ககிட்ட யாருமே வரல. பாலனும் வரல, அப்புவும் வரல. கையெழுத்துப் போட்ட சீட்டுதான் முன்கூட்டியே இங்க இருக்கே, கிளப்புல பாலன் பேரை மட்டும் எழுதி அனுப்பிட்டாங்க. ஆனா அப்பு முகம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எப்போ பார்த்தீங்க?"

டாக்டர் மணல் மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இன்னைக்குக் காலையில வீட்டுக்கு வந்தான். மலாய்லதான் பேசினான், தமிழும் தெரியும்னு நினைச்சுட்டேன். பாலனைச் சோதிங்க, இல்லேன்னா கிளப்புல சொல்லிடுவேன்னான். சோதிச்சா, சீட்டு பொய்யுன்னு தெரிஞ்சுடும். என் டாக்டர் பட்டமே போயிடும் இன்ஸ்பெக்டர். 'கொஞ்சம் பொறு, வந்து சோதிக்கிறேன்'னு அனுப்பிட்டு, பின்னாலேயே பட்டறைக்குப் போய்க் கெஞ்சினேன். காருக்கு அடியில படுத்துக்கிட்டே முடியாதுன்னு சொல்லிட்டான். முகத்தைக்கூட வெளியே நீட்டல. கோபத்துல ரெண்டு கட்டையையும் உருவிட்டேன். ஜாக்கியை உதைச்சுட்டேன்."

"செத்தவர் மேலயே பழியும் போட்டீங்க."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சோதனைக்குச் சோம்பல்பட்ட மனிதர், ஒரு கொலைக்குச் சோம்பல்படவில்லை. நடராஜன் விலங்கை எடுத்தார்.

விலங்கு பூட்டிய சத்தம் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்தார்.

"தூக்கு போட்டுடுவாங்களா இன்ஸ்பெக்டர்?"

"அது ஜட்ஜ் வேலை டாக்டர். அவர் ஆளை நேர்ல பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாரு."