சும்மா நாளில் ஒரு மஞ்சள் நாற்காலி

இந்தக் கதை நடக்கும் ஊரில் யாரையாவது நிறுத்தி, "இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பார்கள். அங்கே திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை. தேதி என்ற பேச்சே கிடையாது.

அந்த ஊர் வானத்தில் இரண்டு நிலாக்கள். பெரிய நிலா ஆடி அசைந்து போகும். சின்ன நிலா ஓட்டமும் நடையுமாக அதைத் துரத்தும். சின்னது பெரியதை எட்டிப் பிடித்துவிட்டால் ஒரு வருடம் முடிந்தது என்று கணக்கு.

நாட்களுக்கோ தொழில்களின் பெயர். ரொட்டிக்காரர் நாள், தையல்காரர் நாள், பல் வைத்தியர் நாள் என்று போகும். எவருடைய நாளோ அவர் அன்று மஞ்சள் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் வேலையை ஊரே சேர்ந்து செய்யும். அவர் வீட்டுப் பிள்ளை நாற்காலி பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்.

ஊர் செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். ரொட்டிக்காரர் நாளில் சுட்ட ரொட்டியை வைத்துக் கதவுக்கு ஆணி அடிக்கலாம். முடிதிருத்துபவர் நாளுக்கு மறுநாள் ஊரில் எல்லார் தலையிலும் தொப்பி இருக்கும். பல் வைத்தியர் நாளில் மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அந்த ஊரில் ஒரு சிறுமி இருந்தாள். ஆள் பொடிசு என்பதால் அவளை எல்லாரும் 'கடுகு' என்று கூப்பிட்டார்கள். சிறுத்தாலும் காரம் போகாத கடுகு! அவள் அம்மா தெரு கூட்டுபவர்.

ஒருநாள் அவளுடைய தோழன், ரொட்டிக்காரரின் மகன் பன்னு, "உங்க அம்மாவோட நாள் எப்போ வரும்?" என்று கேட்டான். சும்மாதான் கேட்டான்.

அம்மாவுக்கு நாளே இல்லை என்பது அப்போதுதான் கடுகுக்கு உறைத்தது.

மறுநாளே அவள் நாள்காரரின் பட்டறைக்குப் போனாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு பலகையில் படம் வரைந்து சதுக்கத்தில் மாட்டுவது அவர் வேலை. பட்டறை முழுக்க வண்ண டப்பாக்கள். கயிற்றில் கத்தரிக்கோல் படம், செருப்புப் படம், மீன் வலைப் படம் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன.

"மாமா, எங்க அம்மாவுக்கு ஒரு நாள் வேணும்" என்றாள் கடுகு.

நாள்காரர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டார். "வருஷத்துல இடமே இல்லையே பாப்பா. அமுக்கிக் கட்டின மூட்டை மாதிரி இருக்கு."

"கடைசியில ஒரு வெள்ளைப் பலகை இருக்கே?"

"அதுவா? நிலா ரெண்டும் சேர்ற நாள். சும்மா நாள். அன்னைக்கு ஊர்ல யாரும் வேலை செய்யறதில்ல. வேலையே இல்லாத நாளுக்கு எப்படித் தொழில் பேரு வைக்கறது?"

"யாருமே வேலை செய்யறதில்லையா?"

"ஒருத்தரும் இல்ல. காலையில ஊர்வலம், மதியம் விருந்து, அப்புறம் தூக்கம்."

"ஊர்வலத்துல அவ்வளவு காகிதப் பூ கொட்டறாங்களே. தூங்கி எழுந்தா ஒண்ணுகூட இருக்காதே. அதெல்லாம் எங்க போகுது?"

நாள்காரர் யோசித்தார். தாடியைச் சொறிந்தார். "காத்து அடிச்சுட்டுப் போயிடும்னு நினைக்கிறேன்."

கடுகுக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. சுருக்கென்று ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதை விழுங்கிவிட்டு வேறொன்று கேட்டாள். "மாமா, சும்மா நாளன்னைக்கு அந்த மஞ்சள் நாற்காலியை நான் எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்கோ. உடைக்காம கொண்டு வந்து வெச்சிடு."

சும்மா நாள் வந்தது. பட்டப்பகலிலேயே பெரிய நிலாவின் முன்னால் சின்ன நிலா வந்து நின்றது. மேளம் முழங்கியது, காகிதப் பூ மழை கொட்டியது. பிறகு ஊர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடத் தொடங்கியது.

கணுக்கால் வரை குப்பை கிடந்த தெருவுக்கு அம்மா துடைப்பத்தோடும் தள்ளுவண்டியோடும் வந்தார். பின்னாலேயே 'கரகர'வென்று சத்தம். கடுகு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி இது? யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தே?"

"நாள்காரர் மாமாவைக் கேட்டுத்தான். உட்காரும்மா."

"நல்லா இருக்கே! நான் உட்கார்ந்தா தெருவை யாரு கூட்டுவா?"

"நான்."

"துடைப்பம் உன்னைவிட உசரம்!"

"அப்போ நிமிர்ந்து நின்னு கூட்டறேன். கொஞ்ச நேரம்மா, எனக்காக."

அம்மா உட்கார்ந்தார். நாற்காலி கடித்துவிடுமோ என்பது போல விளிம்பில் ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

கடுகு பலம் கொண்ட மட்டும் கூட்டினாள். பூவெல்லாம் எழும்பிப் பறந்து அவள் முகத்திலேயே வந்து அப்பியது. ஒன்று வாய்க்குள்ளும் போனது.

"காத்துக்கு எதிரா கூட்டாதடி!" என்று சொன்ன அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் பன்னு வீட்டு ஜன்னல் திறந்தது.

"மஞ்சள் நாற்காலி! இன்னைக்கு யாரோட நாள்?" என்று கத்தினான் பன்னு.

"எங்க அம்மாவோட நாள்!" கடுகு தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னாள்.

மஞ்சள் நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தால் அந்த ஊர்க்காரர்களின் கை சும்மா இருக்காது. அது அவர்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பன்னு அடுப்படித் துடைப்பத்தோடு ஓடி வந்தான். ரொட்டிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே மாவுச் சல்லடையோடு வந்தார். பல் வைத்தியர் சின்னஞ்சிறு பிரஷ்ஷோடு வந்து ஒரே ஒரு கல்லைப் பளபளவென்று தேய்த்தார். ரொட்டிக்காரர் குப்பையைத் தையல்காரர் வாசலுக்குத் தள்ள, தையல்காரர் அதைத் திருப்பித் தள்ளினார். முடிதிருத்துபவர் மட்டும் ஒழுங்காகக் கூட்டினார். தினமும் கடையில் முடி கூட்டுகிறவர் ஆயிற்றே!

பாதித் தெருகூட முடியவில்லை. அதற்குள் எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு நாள்காரரும் வந்தார். "என்ன நடக்குது இங்க?"

கடுகு துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். அன்று விழுங்கிய பதில் இன்று வெளியே வந்தது. "நீங்க சொன்ன காத்துக்கு முட்டி வலி, மாமா. அதான் உட்கார வெச்சிருக்கேன்."

நாள்காரர் அம்மாவைப் பார்த்தார், மிச்சக் குப்பையைப் பார்த்தார்.

"ஒவ்வொரு வருஷமுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒவ்வொரு வருஷமும்தாங்க. நீங்க எல்லாம் எழுந்திருக்கறதுக்குள்ள முடிச்சிடுவேன்" என்றார் அம்மா.

நாள்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. நேரே பட்டறைக்குப் போய் வெள்ளைப் பலகையையும் வண்ணத்தையும் எடுத்து வந்தார். நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு நீளத் துடைப்பத்தை வரைந்தார்.

"ஐயோ, அப்போ சும்மா நாள் போயிடுமா?" பன்னுவின் முகம் தொங்கிப்போனது.

"அதெப்படிப் போகும்?" என்றார் அம்மா. "எல்லாருமா கூட்டி முடிச்சுட்டு அப்புறம் சும்மா இருங்க!"

ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே மீதித் தெருவையும் கூட்டி முடித்தது. ஈரம் காயாத பலகை சதுக்கத்தில் ஏறியது.

கடுகு நாற்காலி பக்கத்தில் போய் நின்றாள். உள்ளங்கை எரிந்தது. தலையெல்லாம் காகிதப் பூ. ஆனாலும் துடைப்பத்தைக் கொடிபோல நேராகப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"தெருதான் சுத்தமாயிடுச்சே. நான் எழுந்திருக்கட்டுமாடி?" என்று அம்மா கிசுகிசுத்தார்.

கடுகு அண்ணாந்து பார்த்தாள். இரண்டு நிலாக்களும் இன்னும் சேர்ந்துதான் இருந்தன.

"உன் நாள் இன்னும் முடியலைம்மா" என்றாள்.

அம்மா காலை நீட்டி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.