அரையடி தள்ளி

பையனின் முகத்தைச் சரியாக நடுவில்தான் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாகப் படம் எடுத்து, படம் திருத்திப் பிழைக்கிறவருக்கு நடு எது, ஓரம் எது என்று தெரியாதா என்ன? ஆனால் தம்ளரில் தண்ணீர் பிடித்து, கடை பெஞ்சில் காத்திருந்த பையனின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, திரையில் பையன் இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தான். ரொம்ப இல்லை. ஒரு விரல் அகலம்.

மவுஸில் கை பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி நடுவுக்கு இழுத்து வைத்தார்.

தொழிலில் அவருக்கு "அரையடி" என்று பட்டப்பெயர். தோட்டமோ கடற்கரையோ, யாரை நிறுத்திப் படம் எடுத்தாலும் "இன்னும் ஒரு அரையடி தள்ளுங்க" என்பார். "கடவுளே எதிர்ல வந்து நின்னாலும் நம்மாளு அரையடி தள்ளச் சொல்வாரு" என்று கூட வரும் வீடியோக்காரர் கேலி செய்தால், அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பெல்லாம் பதினேழு நாளைக்கு முன்பு.

இன்று நாலு மணிக்கு, மழையில் நனைந்தபடி, போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு அந்த அம்மா கடைக்குள் வந்தார். 'காணவில்லை' என்று போட்டு இருபது நோட்டீஸ் வேண்டும். பையனுக்கு ஒன்பது வயசு.

"அவன் சித்தி போன்ல எடுத்தது அண்ணா. இது ஒண்ணுலதான் தனியா நிக்கறான். முகம் நல்லாத் தெரியணும். முக்கியமா கண்ணு."

போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். மஞ்சள் சட்டை. அதே சட்டை.

"ஏரிக்கரைக்கு விளையாடப் போனவன். ஏரிக்குள்ள இறங்கித் தேடணும்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றார் அம்மா. "முழங்காலுக்கு மேல தண்ணியில போகாதேன்னு சொல்லி வச்சிருக்கேன். சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டான் அண்ணா. பெரியவங்க யாரு என்ன சொன்னாலும் செஞ்சிடுவான். அதான் பயமா இருக்கு. எவனோ வான்னு கூப்பிட்டிருக்கான்."

"உட்காருங்கம்மா. ஒரு மணி நேரம் ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

வேலையில் மனசை ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும். உச்சி வெயிலில் எடுத்த படம். புருவத்துக்குக் கீழே இரண்டு குழி மாதிரி நிழல் விழுந்து கண்ணையே மறைத்திருந்தது. தலைக்குப் பின்னால் மின்கம்பம், முளைத்தது போல. துணி காயும் கொடி, பாதி உடைந்த வாளி, யாருடையதோ ஒரு முழங்கை. ஒவ்வொன்றாக அழித்தார். பக்கத்து இடத்தின் நிறத்தை எடுத்து மேலே பூசினால் போதும், இருந்தது இல்லாமல் போகும். கை பழகிய வேலை. மழைச் சத்தம், மேலே மின்விசிறியின் கிரீச், மூடிய கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாவின் இருமல். இதற்கு நடுவில் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு வாசனை வந்தது. பாசி வாசனை.

மழைதானே, சாக்கடை பொங்கியிருக்கும்.

திரையைப் பார்த்தார். பையன் இரண்டு விரல் அகலம் தள்ளி நின்றான்.

இந்தத் தடவை மவுஸ் மேசையின் அந்தக் கோடியில் கிடந்தது. கை படவே இல்லை.

பதினேழு நாளைக்கு முன்பும் இப்படித்தான் தள்ளிப் போனான். சாயங்கால வெயில் பொன்னாகச் சாயும் அந்த இருபது நிமிஷத்துக்காக ஒரு புது ஜோடியை ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தார். எல்லாம் கூடி வந்தது. பெண்ணின் தோளுக்குப் பின்னால், முழங்கால் தண்ணீரில் நின்று கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் சட்டைப் பொடியன் மட்டும் உறுத்தினான். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை வீசினார். தள்ளு. பொடியன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினான். இன்னும் தள்ளு. தள்ளினான். இன்னும் ஒரு அரையடி. யாரோ பெரியவர் சொல்கிறாரே என்று, சிரித்துக்கொண்டே, தள்ளினான். படம் சுத்தமானது. ஏதோ சத்தம் கேட்டுப் பெண் திரும்பப் போனாள். "பசங்க விளையாடுறாங்கம்மா, நீங்க என்னைப் பாருங்க" என்றார். வெயில் போய்விடுமே என்ற அவசரம்.

மறுநாள் காலை திருத்தும்போதுதான் பார்த்தார். படத்தின் இடது ஓரத்தில், தண்ணீருக்கு மேலே, ஒரு சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்து. பையன் டாட்டா காட்டுகிறான் என்று நினைத்தார். நினைத்தாரா? அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது, பாவி. பக்கத்துத் தண்ணீரை எடுத்து அந்தக் கையின் மேல் பூசினார். மத்தியானம் ஊரே பையனைத் தேடுகிறது என்று தெரிந்ததும், மூலப் படத்தையும் அழித்தார். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எழுந்து கதவுவரை போனார். அந்த அம்மா காலித் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா... அன்னைக்கு ஏரிக்கரையில..."

"என்ன அண்ணா?" விருட்டென்று எழுந்தார். அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல. இன்னும் பத்து நிமிஷத்துல ஆயிடும்."

தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று உள்ளுக்குள் ஏதோ துப்பியது. திரும்பி வந்து உட்கார்ந்தார். நாற்காலி ஈரமாக இருந்தது.

கண் மட்டும்தான் பாக்கி. நிழலை மெதுவாகத் தூக்கினார். இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்ணும் வெளியே வந்தன. விழிக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளி இருந்தால்தான் முகத்துக்கு உயிர் என்று அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். அது வெறும் புள்ளியாக இல்லை. ஏதோ வடிவம் இருந்தது. எதிரில் நின்று படம் எடுத்த சித்தியாக இருக்கும். பெரிதாக்கினார்.

சித்தி இல்லை.

ஒரு ஆண். தொப்பை. தோளில் பை. முகத்தை மறைத்தபடி பெரிய கேமரா. பின்னால் சாயங்கால வெயில்.

உச்சி வெயிலில் எடுத்த படத்தில் சாயங்கால வெயில்.

இன்னும் பெரிதாக்கினார். அந்த ஆளின் இடது கை தூக்கியிருந்தது. தள்ளு என்று வீசிய கை.

அழித்தார். படத்தில் பையனின் கண் குருடாகிப் போனது. கண் இமைத்துப் பார்த்தால் அந்த ஆள் மறுபடி நின்றான். முன்பைவிடப் பெரிதாக. மறுபடி அழித்தார். மறுபடி நின்றான்.

"ஆயிடுச்சா அண்ணா?" அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

பட்டென்று படத்தைச் சின்னதாக்கினார். பையனை நடுவில் வைத்தார். அச்சுக்குக் கொடுத்தார். போய்த் தொலையட்டும். நோட்டீஸில் யார் கண்ணுக்குள் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

மூலையில் பிரிண்டர் முனகியது. முதல் தாள் வந்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்படியே இருக்கான் அண்ணா. அப்படியே."

இரண்டாவது தாள். பையன் ஒரு விரல் அகலம் இடது பக்கம்.

மூன்றாவது. தோள் தாளின் ஓரத்தைத் தொட்டது.

நான்காவது. பாதி முகம். சிரித்துக்கொண்டே.

"வேணாம்மா, பார்க்காதீங்க" என்று சொல்ல வந்தார். தடுக்கக் கையை நீட்டினார். நீண்டது இடது கை. தடுக்கவில்லை. வீசியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

பிரிண்டர் முனகியது.

ஐந்தாவது தாள் சொதசொதவென்று வந்து விழுந்தது. மேலே 'காணவில்லை' என்ற எழுத்து. கீழே ஒரு தூசுகூட இல்லாமல் அவர் துடைத்து வைத்த வெறுமை. இடது ஓரத்தில் ஒரு சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்து.

அந்த அம்மா தாளை எடுத்தார். சொட்டியது. அந்த விரல்கள் மேல் தன் விரலை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, காற்றில் இன்னும் வீசிக்கொண்டிருந்த அவருடைய கையைப் பார்த்தார்.

"சொன்ன பேச்சைக் கேக்கற பிள்ளை அண்ணா" என்றார், மெதுவாக. "அவனை யாரு தள்ளி நிக்கச் சொன்னது?"

அடுத்த தாள் வந்து விழுந்தது. அதில் கையும் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை தண்ணீர் மட்டும். சுத்தமான, அழகான, பொன் வெயில் சாய்ந்த தண்ணீர். அவர் பூசிய தண்ணீர்.