சுருதியை மாற்றியவன்

கிட்டாரில் ஜி கோட் பிடித்தால் ஜி கோட்தான் வர வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து டோரீனுக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை...

காணிக்கைப் பாடல் தொடங்க வேண்டிய நேரம். பாடற்குழுவில் ஒன்பது பேரும் மூச்சை இழுத்து வாயைத் திறந்துவிட்டார்கள். டோரீன் விரல்களை வைத்துக் கிட்டாரை ஒரு தட்டுத் தட்டினாள். தகரக் கூரையில் வாளி உருண்டதுபோல ஒரு சத்தம் கோயில் முழுக்க எழுந்தது.

தன் விரல்களைக் குனிந்து பார்த்தாள். எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தன. இன்னொரு தடவை தட்டினாள். முன்னதைவிட மோசம். பீடத்தில் பாதர் நிமிர்ந்தார். முன்வரிசையில் அவளுடைய அப்பா றோலண்ட் கண்களை மூடிக்கொண்டார். காதெல்லாம் சுட, உள்ளங்கை சில்லிட, டோரீன் கிட்டாரை மடியில் சாய்த்துவிட்டாள். பாடல் கிட்டார் இல்லாமலே தடுமாறிப் போயிற்று.

அப்போதுதான் வாசலில் அவனைக் கண்டாள். மழையில் ஊறிய வெள்ளைச் சட்டை... தலைமேல் இரண்டு கைகள்... பெரிய கரிய கண்கள். எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்க, அந்தக் கண்களில் மட்டும் அப்பட்டமான திகில்.

பூசை முடிந்ததும் நேராக அவனிடம் போனாள்.

"நீங்கதானா?"

"ஓம்... நான்தான்." யாழ்ப்பாணத்துப் பேச்சு. "நேற்று மழைக்கு ஒதுங்கினனான். கோயில் ஹோல் திறந்து கிடந்தது. ஒரு பாட்டு வாசிச்சுப் பாக்கக் கிட்டாரின்ர சுருதியை மாத்தினனான். திருப்பி வைக்க மறந்துபோனன். விடியத்தான் ஞாபகம் வந்தது... ஓடி வந்தனான்."

"எதுக்கு? என் மானம் போறதைப் பாக்கவா?"

"ரெண்டாந்தரம் ஏன் தட்டினனீங்கள்? முதல் தரத்தோட விட்டிருக்கலாம்."

டோரீனுக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

அவன் பெயர் செந்தூரன். அட்டனுக்குச் சற்று மேலே இருந்த அந்தக் கடைத்தெருவின் தமிழ்ப் பாடசாலைக்குக் கணித ஆசிரியனாக வந்து ஒரு மாதம். கந்தப்பனின் பலசரக்குக் கடைக்கு மேலே வாடகை அறை. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. யுத்த காலம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு மலைநாட்டில் வேலை பார்ப்பவனை ஊரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். டோரீன் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர்.

"அப்படி என்னா பாட்டு அது?"

அவன் ஒரு இசைக்குழுவின் பெயரைச் சொன்னான். டோரீன் பிறப்பதற்கு முன்பே புகழடைந்த ஆங்கில ராக் குழு. நுவரெலியாவில் ஒரு ரெக்கோடிங் பார் கடையில் பதிந்த அவர்களுடைய கேசட் ஒன்று அவள் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதில் ஒரு பாட்டின் தொடக்கத்தை வாசிக்க இரண்டு வருடம் முயன்றிருக்கிறாள். வரவேயில்லை. கடைசியில், என் விரல் கட்டை, எனக்கு இது விதிக்கவில்லை என்று அழுதுவிட்டுத் தன் சொந்தக் கிட்டாரையே அட்டனில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

செந்தூரன் ஹோல் வாங்கில் அமர்ந்து கிட்டாரை வாங்கினான். ஒரேயொரு விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைத்தான். தட்டினான்.

அதே தொடக்கம்... கேசட்டில் கேட்ட அதே ஒலி.

"ஒரு விரலா?" டோரீன் குனிந்து அவன் விரலைப் பார்த்தாள்.

"ஒரு விரல்தான். மிச்சத்தைச் சுருதி பாத்துக்கொள்ளும். மேல ஒரு கம்பி, கீழ ரெண்டு கம்பியை இறக்கி வைச்சால் சும்மா தட்டினாலே கோட் வரும். இந்தக் குழு கனக்கப் பாட்டை இப்பிடி மாத்தித்தான் வாசிச்சது. வழமைச் சுருதியில நூறு வருசம் தேடினாலும் வராது."

"ரெண்டு வருசமா என் விரல் கட்டைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சேர்."

அவன் அவள் விரல்களைப் பார்த்தான். பார்வை அங்கிருந்து மெல்ல உயர்ந்து அவள் கண்களில் தங்கிவிட்டது.

"ஆர் சொன்னது... கட்டை எண்டு?"

வெளியே மழை வலுத்தது. அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு சனிக்கிழமை மாலைகள் அந்த ஹோலில் கழிந்தன. பாடற்குழுப் பெண்கள் ஒரு மூலையில் பூக்கட்ட, இவர்கள் கிட்டாரோடு மல்லாடினார்கள். செந்தூரனிடம் நீல அட்டைக் கொப்பி ஒன்று இருந்தது. எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி என்று காதால் கேட்டே கண்டுபிடித்து எழுதியிருந்தான். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. பக்கத்தில் கேசட்டில் அந்த இடம் வரும் நேரம். 4.10. 2.35. வேறொன்றும் இல்லை.

"இதைப் பாத்தா யாருக்காவது புரியுமா?"

"உங்களுக்குப் புரிஞ்சால் எனக்குப் போதும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். பூக்கட்டியவர்கள் கெக்கலித்தார்கள்.

ஆறாவது சனிக்கிழமை வாசலில் அப்பா நின்றார். தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தார். காக்கிக் கோட்டு முழுக்கத் தேயிலைத் தூள்.

"தம்பி, நீங்க நல்லவருதான். ஆனா உங்க ஊர்ல எங்க மாதிரி தோட்டத்து ஆளுங்கள என்னா பேரு சொல்லிக் கூப்புடுவாங்கன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு என் மகளை உங்க அம்மா மருமகளா ஏத்துக்குவாங்களா?"

செந்தூரன் எழுந்து நின்றான்.

"தெரியாது ஐயா."

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே... டோரீனுக்கு நெஞ்சில் ஓங்கி அடித்ததுபோல இருந்தது. அவள் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியலைன்னா தெரிஞ்சுக்கிட்டு வாங்க சேர். அதுவரைக்கும் இங்க வர வேணாம்."

அவன் கொப்பியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். ஒரு வாரம்... இரண்டு... நான்கு. அவன் வரவில்லை. அவளும் தேடிப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு சனியும் கிட்டாரின் கம்பிகளை அவன் சுருதிக்கு இறக்கி, பழையபடி ஏற்ற மனம் வராமல் தள்ளிப்போட்டு, ஞாயிறு காலையில் ஓடி ஓடி ஏற்றினாள்.

ஐந்தாவது வாரம் வியாழன் பகல், கந்தப்பன் மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தார்.

"டீமேக்கரய்யா, நம்ம மாஸ்டரைத் திங்கக்கெழமையே பொலிஸ் கொண்டுபோயிருச்சு. பயத்துல யார்கிட்டயும் சொல்லல. ரூமைச் சோதிச்சதுல ஒரு கொப்பி கெடச்சிருக்கு. பூராவும் இங்கிலீஸ் எழுத்தும் நேரமும். குண்டு வைக்கிற ரகசியம்னு பேசிக்கிறாங்க. நாளைக்கிக் கொழும்புக்கு ஏத்திருவாங்களாம்."

டோரீனின் கையிலிருந்த தட்டம் நழுவித் தரையில் சுழன்றது.

"அப்பா, அது கிட்டார் சுருதி."

"என்னா?"

"அந்த எழுத்து... கம்பியோட பேரு. நேரம் கேசட்டுல உள்ளது. எனக்குத் தெரியும். நான் போய்ச் சொல்லணும்."

றோலண்டின் முகம் சாம்பலாகியிருந்தது. "அங்க போனவங்களை அடுத்த தடவை தேடி வருவாங்கம்மா. நம்ம பேரும் பொலிஸ் பொஸ்தகத்துல ஏறிரும்."

"ஏறட்டும்பா."

அவர் எழுந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தாள். ஆணியில் தொங்கிய குடையை எடுத்தார். "தனியா போகாத. நட... கோயில்ல கிட்டாரை வாங்கிக்கிட்டுப் போவோம்."

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரிக்கு நரைத்த மீசை. மேசையில் நீலக் கொப்பி. சுவரோரம் வாங்கில் செந்தூரன். நான்கு நாள் தாடி, வெளிறிய உதடு. அவளைக் கண்டதும் அவன் கண்களில் நிம்மதி வரவில்லை. ஏன் வந்தாய் என்ற பதற்றம்தான் வந்தது.

டோரீன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினாள். அதிகாரி நம்பவில்லை. கொப்பியைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தார்.

"இதைக் கிட்டாரில் வாசி."

அவள் முறுக்காணிகளைத் திருகினாள். எழுத்துப்படி ஒவ்வொரு கம்பியாக இறக்கி, ஒரு விரலைக் குறுக்கே வைத்துத் தட்டினாள். தொடக்கம் பிசகாமல் வந்தது.

"இது?"

இரண்டாவதும் வந்தது. வெளியே நின்ற இரண்டு பொலிஸ்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"இது?"

டோரீன் குனிந்து பார்த்தாள். அந்த வரியை அவன் கற்றுத் தந்ததே இல்லை. செந்தூரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாதே," என்றார் அதிகாரி.

அவள் கண்களை மூடினாள். கம்பிகளைத் திருகினாள். விரல் வைக்காமலே மெதுவாக மீட்டினாள். சோகமான, ஆழமான ஓர் ஒலி எழுந்து அடங்கியது. எங்கேயோ கேட்டது... எங்கே... கேசட்டின் இரண்டாம் பக்கம், கடைசிக்கு முந்தைய பாட்டு. விரல்கள் தாமாகத் தேடிப் போயின. முதல் அடியில் ஒரு சுரம் தவறியது. திரும்பத் தொடங்கினாள். இம்முறை பாட்டு வந்துவிட்டது.

அதிகாரி கொப்பியை மூடினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"உன் பெயர் என்ன?"

"டோரீன், மாத்தயா."

"இது இவன் தாய்க்கு எழுதி இன்னும் போடாத கடிதம். தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் வாசித்துச் சொன்னான். டோரீன் என்ற பெயர் பதினொரு இடத்தில் வருகிறது. அது யார், அதுவும் ரகசியப் பெயரா என்று நான்கு நாளாகக் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவன், அதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை."

டோரீனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாட்சிக்கு அவளைக் கூப்பிட்டிருப்பார்கள். அவள் பெயர் இந்தக் கட்டிடத்துக்குள் வரக்கூடாது என்று நான்கு நாள் வாயைக் கட்டியிருக்கிறான்... அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கொப்பி இங்கே இருக்கும். இவன் ஞாயிறுதோறும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். யார் பொறுப்பு?"

"நான்," என்றது அப்பாவின் குரல்.

டோரீன் அதிர்ந்து திரும்பினாள்.

"என்ன உறவு?"

றோலண்ட் தொண்டையைச் செருமினார். அதிகாரி நீட்டிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "எங்கள் வீட்டு ஆள்."

வெளியே மழை தூறலாகியிருந்தது. அப்பா குடையோடு வேண்டுமென்றே வேகமாக முன்னால் நடந்தார்.

"அம்மாக்கு ரெண்டு கடிதம் ஏற்கனவே போட்டனான். பதில் வரேல்லை," என்றான் செந்தூரன். "இது மூண்டாவது. பதிலோட வரலாமெண்டுதான் காத்துக்கொண்டிருந்தனான்."

"என்னா எழுதினீங்க?"

"அதுதான் பொலிசுக்கே தெரியுமே..."

"எனக்குத் தெரியாதே. நீங்க சொல்லுங்க."

அவன் நின்றான். இமைகளில் மழைத்துளிகள். "டோரீனைத்தான் கட்டுவன். நீங்கள் வந்து வாழ்த்தினால் சந்தோசம், வராட்டிலும் அவவைத்தான் கட்டுவன் எண்டு."

"என்னைக் கேக்காமலேயேவா?"

"இப்ப கேக்கிறன்... ஓமோ?"

அவள் கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான்கு வாரம் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"அன்னைக்கி வர வேணாம்னு சொன்னேன்ல... அடுத்த சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு அடுத்த சனியும். உங்க அம்மா வந்தாலும், வராட்டியும்... எனக்கு நீங்கதான் சேர். வேற யாரும் இல்ல."