அருள்மலர் சுமந்த பழி

"பயங்கரவாதியின்ரை மகளை இந்த வீட்டுக்கு எடுக்க விடமாட்டன்!"

விடிந்ததும் விடியாததுமாய்த் தவரத்தினம் கத்தத் தொடங்கிவிட்டார். பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் அவர்கள் இருந்தது இரண்டறை வீடு. ஒருவர் கத்தினால் எல்லாருக்கும் கேட்கும். அருள்மலர் ஹலால் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியைக் கழுவிக்கொண்டு நின்றாள். மகன் ஐங்கரன் விரும்பிய ஸரீமா, செச்சினியாவிலிருந்து அகதியாய் வந்தவள். அவளின் தகப்பன் மூசா இன்று மத்தியானம் சம்பந்தம் பேச வருகிறார்.

"கத்தாதேங்கோ... மச்சாள் வந்திருக்கிறா."

தவரத்தினத்தின் தமக்கை தாட்சாயினி புறநகரான சார்செலிலிருந்து வந்திருந்தாள். அவள் அருள்மலரின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"தம்பி, இவளின்ரை சொல்லைக் கேளாதை. இவளின்ரை வாயாலை ஒரு உயிர் போனது காணாதே?"

அருள்மலர் மறுபேச்சுப் பேசவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பேசவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, ஊரில் ஒரு இயக்கம் மற்ற இயக்கங்களைத் தடைசெய்து, பெடியளைத் தேடித்தேடிப் பிடித்த காலம். தவரத்தினத்தின் தம்பி குகதாசன் மற்ற இயக்கத்தில் இருந்தவன். அவனை வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் ஒளித்துவைத்து, கலியாணமாகி நாலு மாதமேயான அருள்மலர்தான் சோறு கொடுத்தாள். ஒன்பதாம் நாள் வந்து அவனைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. கிணற்றடியில் அயல்பெண்களிடம் அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள் என்று குடும்பமே சொன்னது. சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் உளறினேனோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

மூசா வந்தார். நரைத்த தாடி, இஸ்திரி போட்ட பழைய கோட். மேசையில் இருந்ததும் இராததுமாய்த் தவரத்தினம் பிரெஞ்சில் கேட்டார்.

"நீங்கள் ஆயுதம் தூக்கினவர்தானே?"

"அப்பா!" என்றான் ஐங்கரன்.

"கேட்கட்டும்," என்றார் மூசா. உடைந்த பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். செச்சினியாவைத் தனிநாடு என்று அறிவித்த நாளில் சனம் தெருவில் நின்று ஆடியதாம். மொஸ்கோவோடு நடந்த முதல் யுத்தத்தில் அவரும் இரண்டு தம்பிமாரும் ஒரே பதுங்குகுழியில் கிடந்தார்கள். வென்றார்கள். இரண்டாம் யுத்தத்தில் இயக்கம் உடைந்தது. நடுத்தம்பி மொஸ்கோவின் பக்கம் போனான். நாடு வேண்டாம், மார்க்கத்தின் ஆட்சிதான் வேண்டும் என்று காட்டுக்குள் போனவர்களோடு கடைசித் தம்பி சேர்ந்தான்.

"நடுவிலானின் ஆட்கள் என்னையும் ஸரீமாவையும் பிடித்தார்கள். அவளுக்குப் பத்து வயது. சின்னவன் எங்கே என்று கேட்டார்கள்... சொன்னேன். மகளை விட்டார்கள். மறுநாள் அவனைக் கொன்றார்கள். என் தாய் சாகும்வரை பக்கத்து வீட்டுக்காரனைத்தான் சபித்தாள். நான் வாய் திறக்கவில்லை. இது தெரியாமல் நீங்கள் என் மகளை எடுக்கக் கூடாது."

ஸரீமா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். தவரத்தினத்தின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. அவர் தமக்கையின் பக்கம் திரும்பினார்.

"அக்கா... குகனை நான்தான் காட்டிக் குடுத்தனான்."

"என்னடா சொல்லுறாய்?"

"அண்டைக்குக் காலமை என்னை விசாரிக்கவெண்டு கூட்டிக்கொண்டு போனவங்களெல்லே... உள்ளங்காலிலை அடிச்சவங்கள். தாங்கேலாமல் சொல்லிப்போட்டன். நீங்கள் எல்லாரும் இவளைப் பழிச்சுப் பேசேக்கை... வெக்கத்திலை பேசாமல் இருந்திட்டன்..."

தாட்சாயினி அலறிக்கொண்டு எழும்பி வந்து அருள்மலரின் கைகளைப் பிடித்தாள். "என்ரை வாய் அழுகிப் போகவேணும்! அம்மா கண்மூடேக்கையும் உன்னைக் கிட்ட விடேல்லையேடி... என்னை மன்னிச்சுக்கொள்ளு!"

அருள்மலர் அவளைக் கட்டிக்கொண்டாள். அழுகை வந்தது மச்சாளுக்காகத்தான். புருசனைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. அடிக்குப் பயந்து சொன்னதை அவளால் மன்னிக்க முடியும். ஆனால் இருபத்தைந்து வருடம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு...

அவள் கண்ணைத் துடைத்தாள். மூசாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தாள். "ஸரீமா எங்கடை பிள்ளை. கலியாணத்தைப் பதிய மேரியிலை திகதி எடுங்கோ," என்று மகனிடம் சொன்னாள். பிறகு உள்ளே போய் நாலு உடுப்பைப் பையில் அடுக்கினாள்.

"நான் மச்சாளோடை சார்செலுக்குப் போறன்."

"எப்ப வருவாய்?" தவரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"லண்டனிலை உங்கடை சித்தப்பா, கனடாவிலை சின்னக்கா, ஊரிலை உங்கடை மாமி... என்னைப் பழிச்ச ஒவ்வொருத்தருக்கும் நீங்களே ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ. சொல்லி முடிஞ்ச பிறகு எனக்கு எடுங்கோ."

பதினெட்டாம் நாள் தவரத்தினம் அழைத்தார்.

"எல்லாருக்கும் சொல்லிட்டன் மலர்... சின்னக்கா காறித் துப்பாத குறை. சித்தப்பா போனை வைச்சிட்டார்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சாப்பிட்டீங்களே?" என்று கேட்டாள்.

மறுபக்கத்தில் அவர் குலுங்கிக் குலுங்கி அழும் சத்தம் கேட்டது.