இயந்திரன் முதுகில் ஒரு பெயர்

நிலாக் குடியிருப்பில் ஆண்டுக்கு ஒருமுறை வீட்டு இயந்திரன்களைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும். எல்லாம் ஒரே அச்சு. திரும்பும்போது புது வண்ணம் பூசியிருப்பார்கள். தனியுரிமைச் சட்டப்படி உரிமையாளரின் முகவரியை நினைவிலிருந்து துடைத்திருப்பார்கள். கற்ற சமையல் மட்டும் அழியாது. தொடர் எண் உண்டுதான். எண்ணைச் சரிபார்த்து எடுத்துப்போகும் பொறுமை மனிதர்களுக்கு எந்தக் கிரகத்தில் இருந்தது?

போன ஆண்டு போய் வந்ததிலிருந்து அலர்மேலு வீட்டு இயந்திரன் வைக்கும் வற்றல் குழம்புக்கு ஈடே இல்லை. அதற்கு முன் அது எதை வைத்தாலும் அடிப்பிடித்தது. இந்த முறை அதை யாராவது தள்ளிக்கொண்டு போய்விட்டால்? அந்த நினைப்பே அவளுக்குப் பயமாக இருந்தது. பூமியில் எவர்சில்வர் பாத்திரத்துக்குச் செய்ததைப் போலவே முதுகில் பெயர் வெட்டிவிட முடிவு செய்தாள்.

லேசர் பொறிப்பான் கடைக்காரர் விளக்கினார். டயோடு லேசர் மலிவு. மரத்தில் எழுதும், உலோகத்தின் மேல்வண்ணத்தை உரிக்கும். உலோகத்தையே வெட்ட ஃபைபர் லேசர் வேண்டும், விலை அதிகம். எதுவானாலும் மூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் புகைவடிகட்டியும் கட்டாயம். கூரைக்குள் அடைபட்ட ஊரில் புகை எங்கே போகும்?

"ஃபைபரே வாங்கிடலாம்" என்றான் கணவன் மதிவாணன்.

"பேரு எழுத எதுக்குங்க அவ்வளவு? பெயிண்ட்டை உரிச்சாப் போதும்."

டயோடு வீட்டுக்கு வந்தது. முதுகுத் தகட்டைக் கழற்றி மூடிக்குள் வைத்து இயக்கினார்கள். வண்ணம் உரிந்த இடத்தில், அடியில் ஏற்கெனவே வெட்டியிருந்த எழுத்துகள் தெரிந்தன. மதிவாணன் மிச்ச வண்ணத்தையும் உரித்தான்.

'வே. நாச்சியார், ஏழாம் கூடாரம்.'

"நம்மளுது இல்லையா இது?" என்றான். "திருப்பிக் குடுத்துடலாமா?"

அடுக்களையில் குழம்பு கொதிக்கும் மணம் வந்தது. அலர்மேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாமளா போய் எடுத்தோம்? மாறி வந்துச்சு. அவ்வளவுதானே."

மறுநாள் கடையில் டயோடைத் திருப்பிக் கொடுத்து ஃபைபர் கேட்டார்கள். கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை.

"பழைய பேரை அழிக்கத்தானேம்மா? எல்லாரும் இப்படித்தான் மாத்த வர்றாங்க. நேத்துகூட ஏழாம் கூடாரத்து நாச்சியாரம்மா வாங்கிட்டுப் போனாங்க. அவங்க வீட்டு இயந்திரன் முதுகுல வேற யாரோ பேரு இருந்துச்சாம்."

அலர்மேலு முகம் சுளித்தாள்.

"அடுத்தவங்க பொருளை வெச்சுக்க எப்படித்தான் மனசு வருதோ" என்றவள், எவ்வளவு ஆழம் வெட்டும் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.